வேப்பமரத்துக்குப் பின்னாடி ஒரு மலை

ஊர்ல வீடு கட்டுறோம்னு சொல்லிட்டிருந்தேன்ல, கட்டி முடிச்சாச்சு. தென்காசி பக்கம். வாசல்ல நின்னா மேற்கே மலைத்தொடர் அப்படியே தெரியும். மிச்சம் இருந்தது தோட்டம் மட்டும்தான்.

நான் லேப்டாப்ல ஒரு டிசைன் போட்டேன். முன்னாடி நிக்கிற வேப்பமரத்தை எடுத்துட்டு முழுக்கப் புல்தரை. சிட்-அவுட்ல உட்கார்ந்தா மலை மட்டும் தெரியணும், அவ்வளவுதான். அப்பா பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டார்: "ஏலே, மத்தியானம் மூணு மணிக்கு இங்க உட்கார்ந்து பார்த்திருக்கியா?"

உட்கார்ந்தேன். மலை இருக்கிற திசையிலதான் வெயிலும் இறங்குது. வேப்பமரம் இல்லைன்னா அங்க ஆள் உட்காரவே முடியாது. ஆனி, ஆடிக் காற்றையும் முதல்ல வாங்குறது அதுதான். அந்த மரம் ஆச்சி வச்சதுன்னு அப்பா சொல்லவே இல்லை. அம்மாதான் அப்புறமா சொன்னாங்க.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். ஜப்பான்ல கியோட்டோவுல என்ட்சூ-ஜி-னு ஒரு கோயில். அங்க தோட்டத்துல இருந்து பார்த்தா தூரத்துல ஹியே மலை தெரியும். நடுவுல மரங்கள் நெட்டுக்குத்தா நிக்குது, யாரும் வெட்டலை. அந்தத் தண்டுகளுக்கு இடையில மலை ஃபிரேம் போட்ட மாதிரி இருக்கு. கீழே சீரா வெட்டின வேலிச்செடி, இடையில இருக்கிற எல்லாத்தையும் மறைச்சிடுது. தோட்டம் நேரா மலையில போய் முடியுற மாதிரி தோணும். இதுக்குப் பேர் ஷாக்கெய், அதாவது இரவல் வாங்கின காட்சி. 2007-ல கியோட்டோ நகரம் இந்த மாதிரிக் காட்சிகளைக் காப்பாத்தக் கட்டட உயரத்துக்கே கட்டுப்பாடு போட்டுச்சு.

நாங்களும் மரத்தை விட்டுட்டு, கீழ்க்கிளைகளை மட்டும் கழிச்சோம். ஒரே நாள்ல இல்லை, ஒரே தடவையில நிறைய வெட்டினா மரம் தாங்காது. காம்பவுண்ட் சுவரை மூணடியோட நிறுத்தி, ஒட்டி இட்லிப்பூ வச்சோம். வளர்ந்தா ரோடு மறைஞ்சிடும், மலை மறையாது. புல்தரைக்கு யார் தண்ணி ஊத்துறது? அதை விட்டாச்சு.

இன்னொண்ணு, பார்க்க ஒண்ணுமே தெரியாத வேலை. தரை வீட்டுப் பக்கமா சரிஞ்சிருந்தது. மழைத் தண்ணி அஸ்திவாரத்துல நிக்கும். பத்தடிக்கு அரையடி வெளியே இறங்குற மாதிரி மண்ணைச் சரி பண்ணினோம். அதிகமாச் செலவானது இதுக்குத்தான்.

எல்லாம் முடிஞ்சு உட்கார்ந்தா, மலைக்கு நட்டநடுவுல ஒரு கரண்ட் கம்பம்! நான் போனை எடுத்து அளவு பார்த்துட்டிருந்தேன். அப்பா எந்திரிச்சு, நாற்காலியை ரெண்டடி இடப்பக்கம் தள்ளிப் போட்டார். கம்பம் மரத்துக்குப் பின்னாடி போயிடுச்சு.