மண்ணைத் தொட்டுப் பாத்துட்டு ஊத்து தாயி!
(பசுவந்தனை கூட்டமைப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்"னு எங்களை நம்பி இயற்கை வீட்டுத்தோட்டம் போட்டீங்க. விதைக்குப் போனது உங்க சேமிப்புப் பணம். முதல் தடவை எல்லாமே வீணாச்சு. தவறு எங்களுடையதுதான்.

கரிசல் மண் தண்ணியைப் பிடிச்சு வைக்கும். அது தெரியாமல் தினமும் ஊற்றச் சொன்னோம். கத்தரி நாற்று வேரழுகிப் போச்சு. பச்சைச் சாணத்தை மக்க வைக்காமல் போட்டோம், வேர்ப்புழு வந்தது. பஞ்சகவ்யாவை அப்படியே தெளித்தோம்; இலை கருகியது. 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லிதான் அளவு.

"தாயி, கரிசலுக்கு மேட்டுப்பாத்தி கட்டு. மண்ணைத் தொட்டுப் பாத்துட்டுத் தண்ணி ஊத்து" என்று வழி சொன்னவர், கைநாட்டு வைக்கும் ஓர் அக்கா. அடுத்த தடவை கத்தரி காய்த்தது.

1960களில் நம்ம கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த நம்மாழ்வாரும் பின்னாளில் உழவர்களிடம் கற்றவர்தான்.

எனவே சகோதரிகளே, இனி நாங்கள் எதைச் சொன்னாலும் முதலில் ஒரே ஒரு பாத்தியில் செய்து பாருங்கள். குழுவில் மூத்தவரிடமும் கேளுங்கள். சரியில்லை என்றால் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள், நாங்கள் திருத்திக்கொள்கிறோம்.