மனிதவளத் துறை: மாணவர் அறியவேண்டிய ஒரு தொழில்



மேல்நிலை வகுப்பில் பயில்வோரிடம் எதிர்காலம் பற்றி வினவினால் மருத்துவம், பொறியியல், கணக்குத் தணிக்கை என்னும் விடைகளே பெரிதும் வருகின்றன. அரிதாக ஒருவர் ‘எச்.ஆர்.’ என்கிறார். ஏன் என்றால், “எல்லாரிடமும் நன்றாகப் பழகுவேன்” என்கிறார். பழகும் திறன் வேண்டியதே. ஆயினும் அத்துறையின் உயிர்நிலை அதுவன்று.

1918-இல் திரு.வி.க., பி.பி. வாடியா முதலியோர் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தோற்றுவித்தனர். நீண்ட வேலை நேரம், குறுகிய உணவு இடைவேளை முதலிய ஆலைத் தொழிலாளர் குறைகளே அதற்கு வித்து. பின்னர் வந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 500 அல்லது அதற்கு மேற்பட்டோர் உழைக்கும் ஆலைகளில் நல அலுவலர் இருந்தாக வேண்டும் என விதித்தது. இன்றைய மனிதவள அலுவலருக்கு அவரே முன்னோடி.

ஊதியம் தருபவர் முதலாளி. நம்பி வந்து முறையிடுபவர் தொழிலாளி. இருவருக்கும் இடையே நிற்பதே இப்பணி. விளக்கம் கேளாமல் ஒருவரை நீக்க முதலாளி முனைந்தால், “அது முறையன்று, ஐயா” என்று சொல்லும் துணிவு வேண்டும். பணியில் இருக்கும்போதே ஒருவர் இறந்தால், வருங்கால வைப்பு நிதியோடு இணைந்த காப்பீட்டில் குடும்பத்திற்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கக்கூடும். பதிவேட்டில் பெயரோ பிறந்த தேதியோ பிழையாக இருந்தால், அவர் மனைவி அலுவலகம் அலுவலகமாக அலைய நேரும். நேர்முகத் தேர்வை மட்டுமே எண்ணி வருவோர் இதனை நினைப்பதில்லை. இதனை மென்மையான வேலை என்பாரும் உளர். ஆட்குறைப்புச் செய்தியை ஒருவர் முகம் பார்த்துச் சொல்லும் நாளில் அவ்வெண்ணம் மாறும்.

படிப்புக்கு வழிகள் பல. வணிகவியல், உளவியல், சமூகவியல், சட்டம் என எதில் பட்டம் பெற்றாலும், அதன்பின் மேற்படிப்பில் மனிதவளத்தைக் கற்கலாம். 1936-இல் தோன்றிய மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், 1949-இல் தோன்றிய ஜாம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. ஆகியவை புகழ்பெற்றவை. சென்னை எழும்பூரிலேயே மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் உள்ளது.

கடையோ பட்டறையோ நடத்தும் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் விடுமுறையில் வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பதிவேட்டையும் பிள்ளைகளிடம் கொடுங்கள். பணிக்கொடையையும் கணக்கிடச் சொல்லுங்கள். மாத ஊதியம் 26,000 ரூபாய், பணிக்காலம் 10 ஆண்டு எனில், ஓராண்டுக்கு 15 நாள் ஊதியம் வீதம், மாதத்தை 26 நாளாகக் கொண்டு, 1,50,000 ரூபாய் வரும். அந்தத் தொகை யாருக்கு உரியதோ அவரோடு அமர்ந்து, அவர் ஐயங்களுக்குப் பிள்ளையே பொறுமையாக விடை சொல்லட்டும். அவ்வேலை பிடிக்கிறதா என்று பிறகு கேளுங்கள்.