துருக்கியிலும் அத்தை உண்டு, மாமன் உண்டு



துருக்கிக்கு முதன்முறையாகப் போகும் மலேசியப் பயணியின் பயணத் திட்டத்தை எடுத்துப் பாருங்கள். இஸ்தான்புலில் நீலப் பள்ளிவாசல், ஹாகியா சோபியா, பெரிய சந்தை. பிறகு கப்படோக்கியாவில் பலூன் சவாரி, பாமுக்கலேயில் வெள்ளைப் பாறைகள். நடுவே கட்டாயம் ஒரு கம்பளக் கடை, ஒரு தோலாடைக் கடை. பத்து நாளில் எல்லாம் முடிந்து, கைப்பேசி நிறையப் படங்களோடு திரும்பிவிடலாம். இவையெல்லாம் பார்க்க வேண்டியவைதான். 537-ஆம் ஆண்டில் தேவாலயமாகக் கட்டி முடிக்கப்பட்ட ஹாகியா சோபியா, 1453-இல் பள்ளிவாசலாகி, 1935-இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டு, 2020-இல் மீண்டும் பள்ளிவாசலான வரலாற்றை வழிகாட்டி சொல்லிவிடுவார். ஆனால் பத்து நாளும் ஒரு துருக்கியரோடு பத்து நிமிடம் பேசாமலே திரும்புகிறவர்கள்தாம் அதிகம்.

அந்த மக்களை அறிய எளிய வழி, அவர்கள் ஒருவரையொருவர் எப்படி அழைக்கிறார்கள் என்று காதுகொடுத்துக் கேட்பதுதான்.

பேருந்தில் முன்பின் தெரியாத ஆடவரை 'அபி' என்பார்கள். அண்ணன் என்று பொருள். கடையில் நிற்கும் பெண் 'அப்லா', அதாவது அக்கா. வயதான அம்மையார் 'தெய்ஸெ', பெரியவர் 'அம்ஜா'. இவை வெறும் மரியாதைச் சொற்கள் அல்ல, உறவுமுறைப் பெயர்கள். தெய்ஸெ என்றால் அம்மாவின் உடன்பிறந்தவள். நம் பெரியம்மா, சின்னம்மா. அப்பாவின் உடன்பிறந்தவளுக்கு வேறு பெயர், 'ஹாலா'. அவள் அத்தை. அம்ஜா, அப்பாவோடு பிறந்தவர். அம்மாவோடு பிறந்தவரோ 'தாயி'! தமிழ்க் காதுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அவர் சாட்சாத் தாய்மாமன்தான்.

மொழியின் கட்டமைப்பும் அப்படியே. 'எவ்' என்றால் வீடு, 'லெர்' என்பது 'கள்', 'தெ' என்பது 'இல்'. 'எவ்லெர்தெ' என்றால் 'வீடுகளில்'. வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். நீ, நீங்கள் என்ற வேறுபாடும் உண்டு. 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், இத்தகைய ஒற்றுமைகளைக் கண்டு, துருக்கி மொழி அடங்கிய கூட்டத்தோடு தமிழுக்கு உறவு தேடினார். பின்வந்த அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. உறவு இல்லாவிட்டால் என்ன? தமிழருக்கு அந்த மொழி எளிதில் பிடிபடும் என்பது உண்மை.

இங்கே ஒன்றைச் சற்றுச் சிந்திக்க வேண்டும். துருக்கிக் குடியரசு தன் மக்களின் வாழ்க்கையைச் சட்டம் போட்டே மாற்றிய நாடு. 1925-இல் பெஸ் தொப்பியைத் தடை செய்தது. 1928-இல் அரபு எழுத்தை விட்டு இலத்தீன் எழுத்துக்கு மாறியது. ஜாவியும் ரூமியும் அறிந்த மலேசியருக்கு அதன் பொருள் விளங்கும். பழைய நீரூற்றுகளிலும் கல்லறைகளிலும் பாட்டன்மார் பொறித்ததைப் பேரப்பிள்ளைகளில் பெரும்பாலோரால் வாசிக்க முடியாது. 1934-இல் எல்லாரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. அதே ஆண்டில் 'பேய்', 'ஹனிம்' போன்ற பழைய மரியாதைப் பட்டங்களையும் ஒழித்து, அவற்றுக்குப் பதில் புதுச் சொற்களைக் கொண்டுவந்தது. தொப்பி போயிற்று, எழுத்து போயிற்று. ஆனால் இன்றைக்கும் அலுவலகத்தில் 'அஹ்மெத் பேய்', 'ஆய்ஷெ ஹனிம்' என்றுதான் அழைக்கிறார்கள். சட்டம் வாய்க்குள் போகவில்லை.

அத்தை, சித்தி, மாமா, பெரியப்பா என்று அழைக்கக் கூடாதென்று தமிழருக்கு எந்த அரசாங்கமும் சட்டம் போட்டதில்லை. அப்படியிருந்தும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் எத்தனையோ வீடுகளில் எல்லாரும் 'ஆன்ட்டி', எல்லாரும் 'அங்கிள்' ஆகிவிட்டார்கள். இஸ்தான்புல் நகரத்துப் பிள்ளை ஹாலா வேறு, தெய்ஸெ வேறு என்று தெரிந்தே வளர்கிறது.

சரி, பயணிக்கு வருவோம். நான்கு வாசகங்களை மனப்பாடம் செய்துகொண்டால் போதும். வேலை செய்துகொண்டிருப்பவரைக் கடக்கும்போது 'கொலாய் கெல்சின்', வேலை எளிதாகட்டும். சமைத்துப் போட்டவருக்கு 'எலினிஸெ சாலிக்', உங்கள் கைகளுக்கு நலம் உண்டாகட்டும். நோயுற்றவருக்கு 'கெச்மிஷ் ஒல்சுன்', கடந்து போகட்டும். 'ஹோஷ் கெல்தினிஸ்' என்று வரவேற்றால் 'ஹோஷ் புல்துக்' என்று பதில் சொல்ல வேண்டும். உச்சரிப்பு தடுமாறினாலும் பரவாயில்லை, எதிரில் இருப்பவர் முகம் மலர்ந்துவிடும்.

தலையாட்டும் போது மட்டும் கவனம். அங்கே தலையைப் பின்னால் சாய்த்துப் புருவத்தை உயர்த்தி 'ச்சு' என்றால் 'இல்லை' என்று அர்த்தம். தமிழர் ஆமோதித்துத் தலையை ஆட்டினால், புரியவில்லை போலும் என்று எண்ணி மறுபடி முதலிலிருந்து விளக்குவார்கள்!

வீட்டுக்கு அழைத்தால் தயங்காமல் போகலாம். வாசலில் காலணியைக் கழற்றினால் வீட்டுச் செருப்பு கொடுப்பார்கள். கையில் வாசனைக் கொலோன் ஊற்றுவார்கள். பிறகு தேநீர். பால் கிடையாது, இடை சிறுத்த சின்னக் கண்ணாடிக் குவளையில் சிவக்கச் சிவக்க வரும், காலியாகக் காலியாக நிரம்பும். போதுமென்றால் கரண்டியைக் குவளையின் மேல் குறுக்காக வைத்துவிட வேண்டும். கம்பளக் கடையிலும் இதே தேநீர் வரும், இதே 'அபி' வரும். அது பாதி உபசாரம், பாதி வியாபாரம். குடித்ததற்காக எதையும் வாங்க வேண்டிய கடமை இல்லை.

ரொட்டியை மட்டும் அலட்சியமாகக் கையாளக் கூடாது. தரையில் கிடக்கும் துண்டை எடுத்து, முத்தமிட்டு நெற்றியில் ஒற்றி, கால் படாத உயரத்தில் வைப்பவர்கள் அவர்கள். பெருநாளில் பெரியவர்களின் கையையும் அப்படியே முத்தமிட்டு நெற்றியில் வைப்பார்கள். பிள்ளைகளுக்குக் காசு கிடைக்கும். ஹரிராயா கண்டவர்களுக்கு இது புதிதல்ல.

விடைபெறும்போது, ஊருக்குப் புறப்படுகிறவரின் வண்டி நகர்ந்ததும், வீட்டுக்காரர் ஒரு பாத்திரத் தண்ணீரைப் பின்னால் தெருவில் ஊற்றுவார். தண்ணீர்போல் தடையின்றிப் போய், தண்ணீர்போலவே திரும்பி வரவேண்டும் என்பது அதன் பொருள். பயணப் பேருந்தில் அமர்ந்தபடியே ஊர் சுற்றியவருக்கு அதை ஊற்ற யாரும் இருக்கமாட்டார்கள்.