ஒரு சொல்லும் ஓர் இனமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)

 

நியூசிலாந்தின் தலைநகரான வெலிங்டனில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் உடைந்த வெண்கல மணி ஒன்று இருக்கிறது. அதன்மேல் பொறிக்கப்பட்டிருப்பவை தமிழ் எழுத்துகள். கப்பல் ஒன்றுக்கு உரிய மணி என்பதே அவ்வெழுத்துகள் தரும் செய்தி. மாவோரி மக்கள் அதைக் கிழங்கு வேகவைக்கும் கலமாகப் பயன்படுத்தி வந்ததை 1830-களில் கண்டவர் வில்லியம் கொலென்சோ. சமயப் பணிக்காக அங்குச் சென்ற அச்சர் அவர். தமிழர்க்கு அவர் இந்த மணியால் அறிமுகமானவர். மாவோரி வரலாறோ அவரை வேறொரு காரணத்திற்காக நினைவில் வைத்திருக்கிறது.

1840 பிப்ரவரி 6. வைத்தாங்கி என்னுமிடத்தில் பிரித்தானிய அரசின் சார்பில் வந்த ஹாப்சனும் மாவோரித் தலைவர்களும் ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிடக் கூடியிருந்தனர். அப்போது கொலென்சோ எழுந்து, இதன் பொருளை இத்தலைவர்கள் உண்மையில் உணர்ந்திருக்கிறார்களா என்று வினவினார். வினாவுக்கு நிறைவான விடை கிடைக்கவில்லை, ஒப்பமிடல் நடந்தேறியது.

அவருடைய ஐயம் பொருளற்றதன்று. உடன்படிக்கையின் மாவோரி வடிவம் ஹென்றி வில்லியம்சு என்னும் பாதிரியாராலும் அவர்தம் மகனாராலும் ஒரே இரவில் ஆக்கப்பெற்றது. ஆங்கில வடிவத்தில் தலைவர்கள் தங்கள் இறைமையைப் பேரரசியிடம் ஒப்படைக்கின்றனர். மாவோரி வடிவத்தில் அவ்விடத்தில் நிற்கும் சொல் 'காவனத்தங்கா'. ஆளுநர் என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லை மாவோரி நாவுக்கேற்பத் திரித்துப் படைத்த புதுச்சொல் அது. நிருவாகம் என்ற அளவே பொருள்படும். 1835-ஆம் ஆண்டு விடுதலைச் சாற்றுரையில் இறைமையைக் குறிக்க 'மனா' என்னும் சொல் ஆளப்பட்டிருந்தது. 'உங்கள் மனாவைத் தாருங்கள்' என்று கேட்டிருந்தால் எத்தனை தலைவர்கள் ஒப்பமிட்டிருப்பர்? ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஒப்பமிட்டது மாவோரி வடிவத்தில்தான்.

பின்னர் நேர்ந்தவற்றை விரிக்க வேண்டியதில்லை. 1860-களில் போர்; 1863-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலப்பறிப்பு; 1867-ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டத்தால் ஆங்கில வழிக் கல்வி. தாய்மொழி பேசிய சிறார் பள்ளியில் அடிபட்டனர். 1877-இல் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி அந்த உடன்படிக்கையையே வெறும் செல்லாப் பத்திரமெனத் தள்ளினார்.

அரசு திரும்பிப் பார்க்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அதுவும் தானாகத் திரும்பவில்லை. 1972-இல் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்ட மொழி விண்ணப்பம் நாடாளுமன்றத்தில் அளிக்கப்பெற்றது. 1975-இல் வீனா கூப்பர் என்னும் மூதாட்டியின் தலைமையில் வடகோடியிலிருந்து தலைநகர் வரை நிலமீட்பு நடைப்பயணம் நிகழ்ந்தது. அவ்வாண்டே வைத்தாங்கித் தீர்ப்பாயம் அமைந்தது. ஆயினும் 1975-க்குப் பிந்திய குறைகளை மட்டுமே அதனால் கேட்க முடிந்தது. 1985-இல்தான் 1840 வரை பின்னோக்கிச் செல்லும் அதிகாரம் அதற்குக் கிடைத்தது.

அத்தீர்ப்பாயத்தின் முன் வந்த மொழி வழக்கு கவிஞர்கள் கருத்தூன்றிக் காணவேண்டிய ஒன்று. உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவின் மாவோரி வடிவம், நிலத்தோடும் ஊர்களோடும் 'தவோங்கா' அனைத்தையும் காப்பதாக உறுதி கூறுகிறது. தவோங்கா என்றால் போற்றத்தக்க செல்வம். அங்ஙனமாயின் மொழியும் தவோங்கா அன்றோ? ஆம் என்று 1986-இல் தீர்ப்பாயம் கூறிற்று. 1987-இல் மாவோரி ஆட்சிமொழியாயிற்று. நீதிமன்றத்தில் அதனைப் பேசும் உரிமையும் வந்தது. ஒரு சொல்லால் இழந்தவர்கள் இன்னொரு சொல்லைப் பற்றிக்கொண்டு மீண்டனர்.

எனினும் சட்டத்திற்கு முன்பே மக்கள் தொடங்கிவிட்டனர். 1982-இலேயே 'கொஹங்கா ரெயோ' எனப்பெறும் மொழிக்கூடுகள் தோன்றின. பாட்டன் பாட்டியர் பேசக் குழந்தைகள் கேட்டு வளரும் மழலைப்பள்ளிகள் அவை. சட்டம் மொழிக்குத் தகுதியைத் தந்தது. வாயையும் செவியையும் தந்தவை இக்கூடுகளே.

பெற்ற உரிமை நிலைத்துவிட்டதா? உடன்படிக்கையின் கோட்பாடுகளுக்குப் புதுப்பொருள் வரையறுக்க முயன்ற சட்டமுன்வடிவு 2024-இல் நாடாளுமன்றத்திற்கு வந்தது. பல்லாயிரவர் திரண்டு தலைநகர் நோக்கி நடந்தனர். 2025 ஏப்ரலில் 11-க்கு எதிராக 112 வாக்குகளால் அது தோற்கடிக்கப்பட்டது. அப்போதும் வழக்கு சொற்பொருள் பற்றியதே.

சிறுபான்மையினரைக் காக்க அரசுகள் இயற்றும் சட்டங்களை மதிப்பிட இங்கே ஓர் அளவுகோல் கிடைக்கிறது. அச்சட்டம் யாருடைய மொழியில் எழுதப்பெற்றது? அதன் சொற்களுக்குப் பொருள் கூறும் உரிமை யாருக்கு உண்டு? இவ்விரு வினாக்களுக்கும் அம்மக்களை விலக்கிவிட்டு விடை காணும் சட்டம், காப்பதாகச் சொல்லிக்கொண்டே பறிக்கவும் கூடும்.

பத்தாண்டுகளாக ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு விவாதித்து வந்த அவை இது. அவ்வுழைப்பைப் பொழுதுபோக்கென எண்ணுவோர்க்கு வைத்தாங்கியில் கழிந்த அந்த ஓர் இரவு விடை சொல்லும். வட்டம் மேலும் பல்லாண்டு வளர்க.