சாவியை யாரிடம் கொடுப்பது?

(‘சிறிய சமயக் குழுக்களும் இளைஞர்களும்’ என்ற தலைப்பில் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசிய இருவரும் இளைஞர்கள் கோயில் பக்கம் வருவதில்லை என்று வருத்தப்பட்டார்கள். ஒருவர் கைத்தொலைபேசியைக் குறை சொன்னார். மற்றவர் பெற்றோரைக் குறை சொன்னார். நான் என்னையே குறை சொல்லிக்கொண்டு தொடங்குகிறேன்.

கோலா சாவா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன் நான். ரந்தாவ் வட்டாரத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும், ஒரு காலத்தில் அங்கே எங்கு பார்த்தாலும் பால்மரம்தான். விடியுமுன்பே லயத்தில் விளக்கு எரியும். பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பிள்ளைகள் செனவாங், நீலாய் என்று தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். குடும்பங்கள் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. லயம் காலியாகிவிட்டது. மாரியம்மன் கோயில் மட்டும் அங்கேயே நிற்கிறது. திருவிழாவுக்குத் திரும்பி வருகிற குடும்பங்கள் 30 இருந்தால் அதிகம்.

அந்தக் கோயிலுக்கு நான் செயலாளராக இருந்தபோது நடந்தது இது. ஆண்டுக் கூட்டத்தில் ஒரு பையன் எழுந்தான். 19 வயது இருக்கும். திருவிழாவுக்குப் பந்தல் போட்டவன், அன்னதானத்துக்கு அண்டா தூக்கியவன், மறுநாள் குப்பை அள்ளியவன். “ஐயா, போன வருஷம் வசூல் எவ்வளவு, செலவு எவ்வளவுன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்” என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். “தம்பி, அதையெல்லாம் பெரியவங்க பார்த்துக்குவாங்க, நீ உட்காரு” என்றேன் நான்.

கணக்கில் ஒரு காசு கோளாறு இல்லை. நோட்டுப் புத்தகம் என் கையிலேயே இருந்தது. காட்டியிருக்கலாம், காட்டவில்லை. பதிவு பெற்ற சங்கம் ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும் என்பது 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம். ஆக, சட்டம் தெரிந்தவன் அந்தப் பையன்தான். மறு ஆண்டு அவன் வரவில்லை. அவனோடு சேர்ந்து பந்தல் போட்ட நான்கு பேரும் வரவில்லை. கூலிக்கு ஆள் வைத்துப் பந்தல் போட்டோம்.

அதன் பிறகுதான், ஆள் குறைந்த சமயக் குழுக்கள் எப்படித் தாக்குப் பிடிக்கின்றன என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். அப்படிப் படித்ததில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவர்கள் குவேக்கர்கள். கிறிஸ்துவ சமயத்தில் ஒரு சிறு பிரிவினர். உலகம் முழுவதும் சேர்த்தே ஏறத்தாழ 4 லட்சம் பேர்தான். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவர் தொடங்கிய இயக்கம் அது. தொடங்கியபோது அவருக்கு வயது இருபதுகளில். ஜேம்ஸ் பார்னெல் என்ற இளைஞர் இந்தக் கொள்கைக்காகக் கோல்செஸ்டர் சிறையில் 1656இல் உயிர்விட்டபோது அவருக்கு வயது 19. என்னிடம் கணக்குக் கேட்ட பையனின் வயது.

இங்கிலாந்து குவேக்கர் மரபில் பாதிரியார் கிடையாது. எல்லாரும் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். உள்ளத்தில் சொல் எழுந்தவர், ஆணோ பெண்ணோ, சிறியவரோ பெரியவரோ, எழுந்து சொல்லலாம். நிர்வாகக் கூட்டத்தில் வாக்கெடுப்பும் இல்லை. பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்த பிறகு எழுத்தர் அதை அங்கேயே எழுதி, அங்கேயே உரக்கப் படிப்பார். ‘ஆமாம், இதுதான் நாம் சொன்னது’ என்று கூட்டம் ஏற்றால்தான் அது தீர்மானம். (நம் சங்கங்களில் கூட்டக் குறிப்பு அடுத்த ஆண்டுதான் கண்ணில் படும். அதற்குள் யார் என்ன சொன்னார் என்பதே மறந்து போயிருக்கும்!)

அரசாங்கத் திருச்சபைக்கு வெளியே இப்படிக் கூடி வழிபடுவது அன்று குற்றம். பிரிஸ்டல் நகரில் 1682இல் பெரியவர்களைப் பிடித்துப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். வழிபாடு நின்றுவிடும் என்று அதிகாரிகள் எதிர்பார்த்தார்கள். நிற்கவில்லை. சிறுவர் சிறுமியர் வந்து உட்கார்ந்தார்கள். அந்தச் சட்டம் 16 வயதுக்கு மேற்பட்டவர்களைத்தான் குறிப்பிட்டது. ஆனாலும் பிள்ளைகள் அடிபட்டார்கள். சிலரைப் பிடித்து அடைத்தும் வைத்தார்கள். அதற்குப் பிறகும் கூடினார்கள். ரெடிங் என்ற ஊரில் 1664இலும் பிள்ளைகள் இப்படித்தான் வழிபாட்டைக் காப்பாற்றினார்கள்.

இதை வீரக் கதையாக மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடக் கூடாது. அந்தப் பிள்ளைகளால் எப்படி முடிந்தது? பெரியவர்களோடு அதே அறையில் உட்கார்ந்து பழகியிருந்தார்கள். என்ன செய்ய வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் கோயிலில் பூசாரி ஒரு வெள்ளிக்கிழமை வராவிட்டால் விளக்கேற்றி, ஒரு பாட்டுப் பாடி, தீபம் காட்டத் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களை நாம் கருவறைக்கு வெளியே மட்டுமல்ல, கணக்குக்கும் கூட்டத்துக்கும் வெளியே அல்லவா நிறுத்தி வைத்திருக்கிறோம்?

குவேக்கர்கள் போரில் ஆயுதம் எடுக்க மறுப்பவர்கள். முதல் உலகப் போரில் 1917இல் அமெரிக்கா இறங்கியபோது, துப்பாக்கி தூக்க மறுத்த இளைஞர்கள் வேறு என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. ‘வீட்டில் உட்கார்ந்து பிரார்த்தனை செய்’ என்று பெரியவர்கள் சொல்லவில்லை. அதே ஆண்டில் அமெரிக்க நண்பர்கள் சேவைக் குழுவைத் தொடங்கி, பயிற்சி கொடுத்துப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். இடிந்த வீடுகளைக் கட்டிக் கொடுத்தார்கள் அந்த இளைஞர்கள். அந்தக் குழுவுக்கும் பிரிட்டிஷ் குவேக்கர்களின் சேவை மன்றத்துக்கும் சேர்த்து 1947இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது.

கேரளத்தில் செலவு குறைந்த செங்கல் வீடுகள் கட்டிப் புகழ்பெற்ற லாரி பேக்கரும் இந்த வழியில் வந்தவர்தான். மெதடிஸ்ட் குடும்பத்தில் பிறந்து குவேக்கரானவர். இரண்டாம் உலகப் போரின்போது குவேக்கர் ஆம்புலன்ஸ் படையில் சேர்ந்து சீனாவுக்குப் போய் நோயாளிகளுக்குத் தொண்டு செய்தார். ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காந்தியடிகளைச் சந்தித்தார். பிறகு 1945இல் இந்தியாவுக்கு வந்தவர் 2007இல் திருவனந்தபுரத்தில் மறையும் வரை அந்த மண்ணிலேயே வாழ்ந்தார். இருபதுகளில் கையில் கிடைத்த வேலை அவரை அவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டது.

அவர்களுக்குக் கவலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிரிட்டனில் அவர்கள் தொகையும் குறைந்துகொண்டுதான் வருகிறது. பல கூட்டங்களில் நரைத்த தலைகள்தான் அதிகம். நாம் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

‘வெள்ளைக்காரன் கதை நமக்கு எதற்கு?’ என்று யாரேனும் கேட்கலாம். சரி, நம் கதைக்கே வருகிறேன். சிங்கப்பூரில் தமிழ் முரசு நடத்திய கோ. சாரங்கபாணி, 1950களில் அந்த ஏட்டில் ‘மாணவர் மணிமன்றம்’ என்று ஒரு பகுதியை ஒதுக்கினார். அதில் பிள்ளைகளே எழுதினார்கள். தோட்டத்துப் பையன் எழுதியது அச்சில் வந்தது. வாசகர்களாக இருந்த பிள்ளைகள் ஊர்தோறும் மன்றம் அமைத்தார்கள். பின்னாளில் அது தமிழ் இளைஞர் மணிமன்றமாக வளர்ந்தது. இந்நாட்டு எழுத்தாளர்கள் பலர் அந்தப் பக்கத்தில் எழுதிப் பழகியவர்கள் என்பதை மறுப்பதற்கில்லை. சாரங்கபாணி பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்வதோடு நிற்கவில்லை. தம் பத்திரிகையில் இடம் கொடுத்தார்.

எங்கள் கோயிலிலும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாற்றம் செய்தோம். செயற்குழுவில் 25 வயதுக்குக் கீழ் இருவர் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தோம். எளிதில் நடக்கவில்லை. பெரியவர் ஒருவர் கோபித்துக்கொண்டு விலகினார். இன்றும் என்னோடு பேசுவதில்லை. கணக்கு நோட்டை ஐந்தாம் படிவம் படித்த ஒரு பெண்பிள்ளையிடம் கொடுத்தோம். முதல் கூட்டத்திலேயே அவள் எழுந்து, “மாமா, ஒலிபெருக்கிக்கு வருஷா வருஷம் வாடகை கொடுக்கிறோம். நாலு வருஷ வாடகையில் சொந்தமாகவே ஒன்று வாங்கியிருக்கலாம்” என்றாள். பத்து ஆண்டு அந்த நோட்டை வைத்திருந்த எனக்கு அது தோன்றவே இல்லை.

கோயில் சாவி மட்டும் இன்னும் பெரியவர்களிடம்தான் இருக்கிறது. அதைப் பற்றி அடுத்த மாதம் கூட்டத்தில் பேசப்போகிறோம். நான் கொடுக்கலாம் என்ற பக்கம். எத்தனை பேர் என்னோடு நிற்பார்கள் என்று தெரியவில்லை.

அந்த 19 வயதுப் பையனையும் தேடிப் பிடித்தேன். அவனுக்கு இப்போது குழந்தைகள் இருக்கின்றன. தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். “ஆடித் திருவிழா என்னைக்கு ஐயா?” என்று கேட்டான். தேதியைச் சொன்னேன். “லீவு கிடைக்குதான்னு பார்க்கிறேன்” என்றான்.