பெயரெச்சமும் ஒரு காற்புள்ளியும்



ஆங்கில இலக்கணத்தார் ‘அட்ஜெக்டிவ் கிளாஸ்’ என்பது நம் பெயரெச்சத் தொடருக்கு உறவுடையதே. நடை மட்டும் நேர்மாறு. தமிழில் அடை முந்தும், பெயர் பிந்தும். ஆங்கிலத்தில் பெயர் முதலில் வந்துவிட, அடை ‘ஹூ’, ‘விச்’, ‘தட்’ என்பனவற்றுள் ஒன்றைப் பற்றிக்கொண்டு பின்தொடரும்.

எழுதிய கவிஞர், எழுதிய கோல், எழுதிய ஓலை, எழுதிய நாள், எழுதிய ஊர் ஆகிய ஐந்திலும் எச்சம் ஒன்றே. வினைமுதலா, கருவியா, காலமா என்பதைக் கேட்போர் உணர்வர். ஆங்கிலமோ கவிஞருக்கு ‘ஹூ’, கோலுக்கு ‘வித் விச்’, நாளுக்கு ‘வென்’, ஊருக்கு ‘வேர்’ எனப் பெரும்பாலும் உறவை வெளிப்படுத்தும்.

‘பிந்தி வந்த கவிஞர்கள் வெளியே நின்றனர்.’ பிந்தியோர் மட்டுமா, கவிஞர் அனைவருமா? தமிழ்த் தொடர் சொல்லாது. (இக்கழகத்தார் அறிவர் என்பது வேறு!) ஆங்கிலத்தில் அடையின் இருபுறமும் காற்புள்ளி இட்டால் அனைவருமே பிந்தினர், இடாவிடின் பிந்திய சிலரே வெளியே நின்றனர். மொழிபெயர்க்கும் கவிஞர் இங்கே முடிவு செய்யாமல் தப்ப இயலாது.

சங்கப் பாடலில் இடர் பெரிது. அருவி, யானை, மலைச்சாரல் என அடைமேல் அடையாய் வளர்ந்து இறுதியில் ‘நாடன்’ எனத் தோன்றும் தலைவனை ஆங்கில வரிசை முதலிலேயே காட்டிவிடும். 1967இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்த ஏ. கே. இராமானுசன், வரிகளைப் படிப்படியாக உடைத்தும் தாளில் இடைவெளி விட்டும் அந்தக் காத்திருப்பை ஓரளவு காக்க முயன்றார். இலக்கணம் மறுத்ததை அச்சுக்கோப்பிடம் கேட்டுப் பெற்றார் எனலாம்.