திருப்புளி யார் கையில்?

(கட்சிப் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



ஒரு நாட்டின் படைவலிமையை அளக்க வருவோர், எத்தனை துப்பாக்கி, எத்தனை பீரங்கி, எத்தனை விமானம் என்றே எண்ணுவர். நான் இன்று வேறொரு கணக்குக் கேட்கிறேன். அந்த விமானத்தைப் பிரித்துப் பழுது நீக்கும் திருப்புளி யார் கையில் இருக்கிறது? அந்தக் கைக்கு ஊதியம் தருபவன் யார்? "போதும், புறப்படு" என்று அவன் சொன்னால், அந்தக் கை எந்த நாட்டுக்குப் போய்விடும்? இந்த மூன்று கேள்விகளையும் கேட்கவிடாமல் வைக்கப்பட்டிருந்த ஒரு நாடு என்ன ஆயிற்று என்பதை 2021-ஆம் ஆண்டில் உலகம் கண்டது. அந்த நாடு ஆப்கானிஸ்தானம்.

மலையும் பள்ளத்தாக்கும் நிறைந்த நாடு அது. சாலை வழியே சென்றால் கண்ணிவெடி. தொலைவில் நிற்கும் காவல் அரணுக்கு மாவு மூட்டையும் தோட்டாப் பெட்டியும் போக வேண்டுமா? குண்டடி பட்டவனை மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டுமா? ஹெலிகாப்டரே வழி. அந்தப் படைக்கு ஹெலிகாப்டர் பிரிவு அணிகலன் அன்று, உயிர்நாடி.

அந்த உயிர்நாடி நெடுங்காலம் சோவியத் நாட்டில் பிறந்த எம்.ஐ.17 என்னும் ஹெலிகாப்டரை நம்பியிருந்தது. 1980-களிலிருந்தே ஆப்கன் விமானிகள் அதை அறிவர்; மெக்கானிக்குகளும் அறிவர். அப்பன் ஓட்டிய வண்டியை மகன் ஓட்டுவதுபோல் பழகிப் போன பொறி. பெரும்பழுதுக்கு வெளியார் துணை வேண்டியிருந்தாலும், அன்றாடப் பராமரிப்பில் பெரும்பகுதியை அவர்களே செய்துகொண்டார்கள்.

பிறகு என்ன நடந்தது? ரஷ்ய அரசின் ஆயுத ஏற்றுமதி நிறுவனத்திடம் வாங்கலாகாது என்று அமெரிக்கக் காங்கிரஸ் 2013-இல் தடை போட்டது. வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் உள்ள பகைக்கு, காபூலின் மெக்கானிக் தன் கைப்பழக்கத்தை விலையாகக் கொடுத்தான்! எம்.ஐ.17-க்குப் பதிலாக 159 யூ.எச்.60 'பிளாக் ஹாக்' ஹெலிகாப்டர்கள் தருவதென்று 2017-இல் திட்டம் தீட்டப்பட்டது. அவை அமெரிக்கப் படையில் உழைத்துப் பழையவையாகிப் புதுப்பிக்கப்பட்டவை. அந்தத் தொகை பின்னாளில் குறைக்கப்பட்டது வேறு கதை. 2017 அக்டோபரில் காந்தகார் தளத்தில் விழா எடுத்து முதல் ஹெலிகாப்டர்களை ஒப்படைத்தார்கள்.

புதியது பழையதினும் மேலா? அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் சொந்தத் தணிக்கையாளரே எழுதி வைத்தார்: எம்.ஐ.17 ஒன்று சுமக்கும் சுமைக்கு ஏறக்குறைய இரண்டு பிளாக் ஹாக் வேண்டும்; எம்.ஐ.17 பறக்கும் உயரத்திற்கு அது எழாது என்று. மலைநாட்டுக்கு, உயரம் எழாத ஹெலிகாப்டர்!

அதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. இந்தப் புதுப் பொறியின் பராமரிப்பு ஏறத்தாழ முழுவதும் தனியார் கம்பெனிகளின் கான்டிராக்ட் ஆட்களிடம் போயிற்று. விமானி ஆப்கன் படையாள். பழுது பார்ப்பவன் கம்பெனியின் ஆள். உதிரி பாகத்தை வரவழைப்பதும், எந்தப் பாகத்தை எப்போது மாற்றுவது என்று கணக்கு வைப்பதும் கம்பெனி. சீருடை அணிந்த மெக்கானிக் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

தோழர்களே! அந்தக் கான்டிராக்ட் ஆட்களை நான் பழிக்கவில்லை. அவர்களும் உழைத்துப் பிழைக்க வந்தவர்கள். பழிக்க வேண்டியது அந்த ஏற்பாட்டை. படைவீரன் எண்ணிக்கைக்கு நாடாளுமன்றம் கேள்வி கேட்கும். கான்டிராக்ட் ஆளின் எண்ணிக்கைக்கு அவ்வளவு கேள்வி எழாது. படைவீரன் மாண்டால் பத்திரிகையின் முதற்பக்கம். கான்டிராக்ட் ஆள் மாண்டால் கம்பெனியின் பேரேடு. 2021 தொடக்கத்தில், எல்லா வகை வேலைகளுக்குமாக, அங்கே அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கான்டிராக்டில் இருந்தோர் சுமார் 18,000 பேர். அமெரிக்கத் துருப்புகளோ 2,500 என்று அறிவிக்கப்பட்டது. படைத் துறையும் ஆயுத முதலாளிகளும் கைகோத்தால் ஆபத்து என்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவரே 1961 சனவரியில் விடைபெறும்போது எச்சரித்தார். எச்சரித்தவர் நம்மவர் அல்லர், ஒரு படைத்தளபதி!

இப்போது 2020 பிப்ரவரி 29-க்கு வாருங்கள். தோகா நகரில் அமெரிக்காவும் தாலிபானும் உடன்படிக்கை செய்தன. ஆப்கன் அரசுக்கு அங்கே நாற்காலி இல்லை. அந்நியப் படைகள் 14 மாதங்களில் வெளியேறும் என்று அதில் எழுதினார்கள். படைகள் மட்டுமல்ல, தனியார் பாதுகாப்புக் கான்டிராக்டர்களும், பயிற்சியாளரும், துணைப் பணியாளரும் வெளியேறுவார்கள் என்றும் எழுதினார்கள். யாருடைய ஹெலிகாப்டரோ அவர்களைக் கேளாமலே, அதன் மெக்கானிக்கை ஊருக்கு அனுப்பக் கையெழுத்தாயிற்று!

விளைவு தெரியாமல் செய்தார்களா? இல்லை. கான்டிராக்ட் துணை இல்லாவிட்டால் ஆப்கன் விமானப்படையின் எந்த வகை விமானமும் சில மாதங்களுக்கு மேல் போர்த்தகுதியோடு நில்லாது என்று, அந்தப் படைக்குப் பயிற்சி தந்த அமெரிக்கப் பிரிவே 2021 சனவரியில் கணித்துச் சொன்னது. சொன்னபடியே நடந்தது. ஏப்ரலிலும் மே மாதத்திலும் 100-க்கு 77 என்றிருந்த பிளாக் ஹாக் பிரிவின் தயார்நிலை, ஜூனில் 39-க்கு வீழ்ந்தது. எஞ்சிய விமானங்கள் பராமரிப்புக்கு விதித்த காலவரம்பைக் கடந்தும் ஓட்டப்பட்டன. பழுது பார்க்கும் முறையை அயல்நாட்டிலிருந்து திரையில் தோன்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். திரையில் தெரியும் கை திருகாணியைத் திருகுமா?

வீரம் குறைவா அங்கே? விடுமுறையில் வீடு சென்ற விமானிகள் பலரைத் தாலிபான் தேடிச் சென்று சுட்டது. ஆயினும் மற்றவர் பறந்தார்கள். ஆகஸ்டு 15-இல் காபூல் வீழ்ந்தது. அந்த நாட்களில் 24 ஹெலிகாப்டர்களும் 22 விமானங்களும் எல்லை கடந்து உஸ்பெகிஸ்தானில் இறங்கின. ஊரைக் காக்கத் தந்த ஊர்தி, ஊரை விட்டு ஓட உதவிற்று.

அந்த வீழ்ச்சிக்கு ஹெலிகாப்டர் ஒன்றே காரணம் என்று நான் கூறேன். ஊழல் இருந்தது; சம்பளம் வாராத சிப்பாய் இருந்தான்; மக்கள் நம்பாத அரசு இருந்தது. ஆனால், அமெரிக்கத் துருப்புகளையும் கான்டிராக்டர்களையும் விலக்கிக்கொண்டதே படை சரிந்ததற்குத் தலையாய காரணம் என்று, அமெரிக்க அரசு அமர்த்திய சிறப்புத் தலைமைக் கண்காணிப்பாளர் 2022 மே மாத அறிக்கையில் எழுதினார். எதிரி சொன்னதல்ல, வீட்டுக்காரர் வாக்குமூலம்.

"வெளிநாட்டார் துணையே கூடாதா?" என்று கேட்பீர்கள். அப்படி அல்ல. அண்டையிலுள்ள ஈரானைப் பாருங்கள். 1970-களில் ஷா மன்னர் அமெரிக்க பெல் ஹெலிகாப்டர் கம்பெனியை அழைத்து, இஸ்பகானில் தம் தரைப்படையின் விமானிகளையும் மெக்கானிக்குகளையும் பயிற்றுவித்தார். ஷாவின் ஆட்சியை நாம் புகழவில்லை. அமெரிக்க ஆயுதத்துக்கு நாட்டையே அடகு வைத்தவர் அவர். ஆனால் 1979 புரட்சியில் கம்பெனியார் வெளியேறிய பின்பும், உதிரி பாகம் கிட்டாத நிலையிலும், 1980-இல் ஈராக் படையெடுத்தபோது அந்த ஹெலிகாப்டர்கள் எழுந்து பறந்தன. ஏன்? கற்ற கைகள் நாட்டிலேயே இருந்தன. வெளியார் வந்து கற்றுக்கொடுத்தால் அது துணை. நமக்குப் பதிலாக அவரே செய்து, நம்மை வேடிக்கை பார்க்க வைத்தால் அது விலங்கு!

"மெக்கானிக்கை உருவாக்க ஆண்டுகள் ஆகுமே, போர் காத்திருக்குமா?" என்பர். ஆகும், உண்மை. அந்தப் போர் 20 ஆண்டுகள் நடந்ததே! 20 ஆண்டில் ஒரு பிள்ளை பிறந்து, வளர்ந்து, படித்து, பட்டறையில் தலைமை மெக்கானிக்கிடம் கைகட்டி நின்று தொழில் பழகியிருக்கலாமே! கற்றவன் பெருகினால் கான்டிராக்ட் சுருங்கும். கம்பெனிக்கு அது இலாபமா?

தோழர்களே! இது தொலைதூரத்துக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். எந்தப் பொது நிறுவனத்திலும், "சிக்கனம்" என்ற பெயரில் நிரந்தரத் தொழிலாளியை நீக்கிக் கான்டிராக்டரை அழைக்கும்போது, கூலிக் கணக்கை மட்டும் பார்த்துப் பேசாதீர்கள். பத்தாண்டு கழித்து இந்த வேலை தெரிந்தவன் நம்மிடம் எத்தனை பேர் இருப்பான் என்று கேளுங்கள். சங்கக் கூட்டத்திலும் கேளுங்கள். சட்டமன்றத்திலும் கேட்கச் செய்யுங்கள். ஏனெனில் தொழிலாளியின் கைத்திறன் அவன் சோறு மட்டுமன்று, நாட்டின் உரிமை.

பொறியை விலைக்கு வாங்கலாம். அதை ஓட வைக்கும் கையை வாடகைக்கு எடுத்த நாடு, தன் சுதந்திரத்தையும் வாடகைக்கே வைத்திருக்கிறது. வாடகைக்காரன் வீட்டைக் காலி செய்யும் நாளை அவனே முடிவு செய்வான்!